அமராவதி போட்ட தொண்ணூற்றைந்து

கிள்ளை ஊர் அமராவதிக்கு மார்க் என்றாலே பயம். மகள் ஸ்ரீமதி பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டே மார்க்கில் கோட்டைவிட்டு, அதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள். அந்த இரண்டு மார்க்கை எவனாவது போட்டிருந்தால் என்ன குடியா முழுகியிருக்கும் என்று அமராவதி இன்னும் அங்கலாய்ப்பாள்.

2009 சித்திரையில், கொத்தனார் வேலைக்குப் போன அவள் புருஷன் சிங்காரத்துக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சும் பாதி போயிற்று. சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு வந்த சில வாரத்தில் ஜான்சி வந்தாள். கடலூர் செம்மண்டலத்துப் பெண். முடங்கிப்போனவர்களை மறுபடி தங்கள் காரியத்தைத் தாங்களே செய்யப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபி படிப்பில் கடைசி வருஷம். ஆராய்ச்சிக்காக வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுகிறாளாம். இரண்டு பஸ் மாறி வந்ததில் முகம் வெயிலில் கன்றியிருந்தது.

"பத்துக் கேள்விதாம்மா. மொத்தம் நூறு மார்க். ஐயா தானா சாப்புடுறாரா?"

அமராவதி தாளை எட்டிப் பார்த்தாள். மேலே ஜான்சியின் பேர், கீழே மார்க் போடக் கட்டங்கள். அடப் பாவமே, இந்தப் பெண்ணின் பரீட்சை நம் வாயில் அல்லவா இருக்கிறது!

"ஓ! அவரே பெசஞ்சு சாப்புடுவாரு."

"சட்டை போட்டுக்குவாரா?"

"அவரேதான்."

சிங்காரம் இடது கையை ஆட்டி என்னவோ குழறினார். "சும்மா இரு மாமா" என்று தொடையில் தட்டி அடக்கினாள். காலையில் அவள் பூட்டிவிட்ட பொத்தான்கள் அவர் சட்டையில் ஒழுங்காக இருந்தன. எல்லாம் முழுசாகச் சொன்னால் சந்தேகம் வருமே என்று, மாடிப்படிக்கு மட்டும் "கொஞ்சம் புடிக்கணும்" என்றாள். பத்துக்கும் கூட்டியதில் தொண்ணூற்றைந்து.

"ரொம்ப நல்லா தேறிட்டாரும்மா" என்று ஜான்சி சிரித்தபோது அமராவதிக்கு மனசு குளிர்ந்தது.

மறு வருஷம் ஜான்சி லட்டுப் பெட்டியோடு வந்தாள். பாஸ்! அமராவதி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். ஒரு லட்டை எடுத்து, பாதியைப் பிட்டுச் சிங்காரத்துக்கு ஊட்டினாள்.

"என்னம்மா, ஐயா தானா சாப்புடுவாருன்னீங்களே?"

"எங்க! சோறு, துணி எல்லாம் நாந்தான். நீ பாஸாவணுமேன்னு அப்படிச் சொன்னேன். இப்பதான் பாஸாயிட்டியே."

ஜான்சி சிங்காரத்தின் வலது கையை எடுத்துப் பார்த்தாள்.

"அது என் மார்க் இல்லம்மா, ஐயா கையோட மார்க். கொறைச்சலா வந்த பன்னெண்டு பேர வண்டி வச்சு கூட்டிப்போயி, ஆறு மாசம் கைக்குப் பயிற்சி குடுத்தோம். எட்டுப் பேரு இப்ப தானா சாப்புடுறாங்க. ஐயாவ ஒரு தடவ செஞ்சு காட்டச் சொல்லியிருக்கணும். நான் கேக்கலியே." அவள் அழுதாள்.

"நாளைக்கே வர்றோம்டி. கூட்டிப் போ."

"வாங்கம்மா. ஆனா மொதல் ஆறு மாசத்துலதான் கை நல்லாத் திரும்பும். வெரலெல்லாம் மடங்கி இறுகிப்போச்சே."

"என் வாயாலயே கெடுத்துட்டனே, பாவி!" என்று அமராவதி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சிங்காரம் எட்டி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். அன்றைக்கு இல்லை இல்லை என்று ஆட்டிய அதே இடது கை. அவள் அழுகை நிற்கும்வரை பிடித்திருந்துவிட்டு, வாயைத் திறந்தார். மீதி லட்டு அவள் மறு கையில் இருந்தது.