கெட்டி மேளத்தில் மூழ்கிய ஆர்கன்

எழுபதுகளின் நடுவில், மயிலாப்பூர் வீட்டு மாடி அறையில் நான் ஒரு பழைய எலெக்ட்ரிக் ஆர்கனோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன். கோடம்பாக்கத்தில் கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவிடமிருந்து வந்தது அது. எதிரொலி கொடுக்கும் ஒரு பெட்டியும் கூடவே வந்தது. ஒரு சுரத்தை அழுத்தினால் கிணற்றுக்குள் பேசியது போலத் திரும்பித் திரும்பி வந்து மெல்லத் தேயும். அதை வைத்துக்கொண்டு நானாக மெட்டுக் கட்டி ஸ்பூல் டேப்பில் பதிவு செய்தேன். வார்த்தை கிடையாது, தாளமும் பேருக்குத்தான். எல்லாமே சோகம். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைத்த பெண்தான் நான்.

அப்பா கீழே கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். மாடியிலிருந்து சத்தம் வந்தால் குரலை உயர்த்திப் பாடுவார். ஒரு தடவையாவது அவர் உட்கார்ந்து முழுசாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதற்காகவே அக்கா கல்யாண ரிசப்ஷனில் வாசிக்கிறேன் என்று நச்சரித்தேன். ஒரே ஒரு உருப்படி என்று சம்மதித்தார்.

தி. நகர் சத்திரம். முன் வரிசையில் சம்பந்திகள். மங்களகரமாக எதையாவது வாசித்துத் தொலைத்திருக்கலாம். எனக்குத்தான் புத்தி எங்கே போயிற்றோ, இருப்பதிலேயே அழுமூஞ்சி மெட்டை எடுத்தேன். பாதி வாசிப்பதற்குள் கூடம் அமைதியானது. ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் அத்தை பக்கத்தில் இருந்தவரிடம், யார் போயிட்டா என்று கேட்டது மேடைவரை கேட்டது.

அப்பா எழுந்தார். ஓரமாகக் காபி குடித்துக்கொண்டிருந்த மேளக்காரர்களைப் பார்த்து ஆள்காட்டி விரலை வேகமாக ஆட்டினார். தாலி கட்டும்போது தும்மலோ அழுகையோ யார் காதிலும் விழாமல் இருக்கக் காட்டுகிற அதே சைகை. தவில் இடித்தது. எழுந்திருக்கக்கூடத் தோன்றாமல், கேட்காத சுரங்களை அழுத்திக்கொண்டே இருந்தேன். எதிரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மானம் போயிற்று.

சுவிட்சை அணைத்துவிட்டுச் சாமான் அறைக்குள் ஓடினேன். அங்கே அரிசி மூட்டைகளைப் பார்த்தபடி அப்பா நின்றிருந்தார். அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் கூனிக்குறுகிப்போனார்.

“சம்பந்தி மனுஷா முன்னாடி என்னை அழப் பண்ணிட்டியேடி.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் தரையைத்தான் பார்த்தார்.

“இனிமே நான் ஆத்துல இருக்கச்சே அதை வாசிக்காதே,” என்றார். “என்னால முடியலை.”