மூக்கால் குடித்தவர்கள்

இத்தாலியில், பலெர்மோவில் நான் வேலை செய்த வீட்டுக்காரருக்கு மூக்குத்தான் சோறு போட்டது. பொலிதேயாமா தியேட்டர் பக்கம் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்த வயதானவர். வைனைச் சுவைத்துப் பார்த்துப் பத்திரிகைக்கு எழுதுவார். நான் அவரைச் சின்யோரே, அதாவது ஐயா, என்று கூப்பிடுவேன். சமையல், துடைப்பு, கடைக்குப் போவது, அவருடைய கிளாஸ்களைக் கழுவுவது எல்லாம் என் வேலை. கிளாஸ்களுக்குச் சவர்க்காரம் போடக் கூடாது. தப்பித் தவறி அந்த வாசம் வந்துவிட்டால் அன்று முழுக்க இழவு வீட்டில் இருப்பவர் மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என் மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்து சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. கலியாணம் முடித்த சூட்டோடு நான் ஓடிவந்துவிட்டேன். அதன் பிறகு வருடக்கணக்காகக் கடிதத்திலேயே குடும்பம் நடத்தினோம். குசினிக்குப் பின்னால் எனக்கென்று தந்திருந்த சின்ன அறையில் இப்போது இரண்டு பேர். சின்யோரேக்கு அவளில் குறை இல்லை. அவள் வந்த பிறகு குசினியில் கிளம்பிய வாசங்களில்தான் குறை. மிளகாய்த்தூள் வறுத்த அன்று, “என் மூக்கைக் கொல்லப் பார்க்கிறீர்களா?” என்று வீடு அதிரக் கத்தினார். கடைசியில் இப்படிச் சொன்னார்:

“சனிக்கிழமை மதியம் வைன் பார்க்க இரண்டு பேர் வருகிறார்கள். வீட்டில் ஒரு வாசமும் இருக்கக் கூடாது. அது நல்லபடி முடியட்டும். அவள் இங்கே இருப்பதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.”

இந்தப் ‘பார்ப்போம்’ எனக்குப் பழக்கமானது. பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதி கேட்டு, குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலக வாசலில் நின்றபோதெல்லாம் இதைத்தான் சொல்லி அனுப்பினார்கள். சின்யோரே மாட்டேன் என்றால் அவள் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் ஸ்டேஷன் பக்கம், எங்கள் ஊர்ப் பெண்கள் நெருக்கியடித்துப் படுக்கும் ஓர் அறைக்குத்தான் போக வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்ப்பது போலப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். மறுபடியும் பிரிந்திருக்க எனக்கு மனமில்லை. அவளுக்கும் இல்லை.

சனிக்கிழமை வந்தது. சியாகுல்லியிலிருந்து வந்திருந்த மண்டரின் பழக்கூடை பால்கனிக்கு நாடு கடத்தப்பட்டது. நான் சவரம் செய்தபின் ஒன்றும் பூசவில்லை. மனைவியிடம் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம் என்று சொன்னபோதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“என்ரை தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாமெண்டு சொல்ல இந்தாள் ஆர்? எனக்கு மாமியாரோ?”

“இஞ்சை பாரும், இண்டைக்கு ஒரு நாள்தான். நீர் ஒண்டும் செய்யாமல் அறைக்குள்ளை இரும். அது காணும்.”

“ஒண்டும் செய்யாமல் இருக்கிறதுதான் கஷ்டம்,” என்றாள். அவளைப் பற்றி அவளுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

வந்த இருவரில் ஒருவர் மொட்டைத் தலையர். மற்றவர் வீட்டுக்குள்ளும் கழுத்துச் சால்வையைக் கழற்றாதவர். இருவரும் வைனைப் பற்றி எழுதுகிறவர்கள்தான். அன்றைக்குத் திறந்தது ஆஸ்திரேலிய வைன். கபெர்னே, ஷிராஸ் என்ற இரண்டு திராட்சைகளைக் கலந்து செய்த, விலை கூடிய சிவப்பு. அங்கே குடியேறிய சின்யோரேயின் தம்பி அனுப்பியது. நானும் முதலில் ஆஸ்திரேலியாவுக்குத்தான் போகப் பார்த்தேன். எனக்குக் கதவைச் சாத்திய நாடு தன் போத்தல்களை மட்டும் ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தது. அவற்றிடம் ஒருவரும் பெர்மெஸ்ஸோ கேட்கவில்லை.

நான் ஊற்றினேன். மூவரும் கிளாஸைச் சுழற்றினார்கள். பிறகு மூக்கை உள்ளே விட்டார்கள். கிணற்றுக்குள் விழுந்த வாளியைத் தேடுகிறவர்கள் போல வெகு நேரம் உள்ளேயே இருந்தார்கள்.

“பழைய சேணத்தின் தோல்,” என்றார் சால்வைக்காரர். அவர் குதிரையில் ஏறியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

“சுருட்டுப் பெட்டி. சீவிய பென்சில்,” என்றார் மொட்டைத் தலையர்.

“யூக்கலிப்டஸ்,” என்றார் சின்யோரே. “கபெர்னே எலும்பு. ஷிராஸ் சதை.”

தோல், பென்சில், எலும்பு, சதை எல்லாம் வந்துவிட்டன. திராட்சை என்று மட்டும் ஒருவர் வாயிலும் வரவில்லை.

இதன் பிறகுதான் வினை வந்தது. மூவரும் ஆளுக்கொரு மிடறு வாயில் எடுத்து, காற்றை உறிஞ்சி, களகளவென்று கொப்பளித்து, நடுவில் வைத்திருந்த வாளியில் துப்பினார்கள். அவர்களுடைய தொழில் முறை அது. குடித்தால் நாக்கு மரத்துவிடும் என்பதால் துப்புவார்கள். இதை நான் மனைவிக்குச் சொல்லி வைக்கவில்லை. ஆட்கள் வைன் குடிக்க வருகிறார்கள் என்று மட்டும்தான் சொன்னேன். எங்கள் ஊரில் குடிக்கிறவன் ஒரு சொட்டைக்கூடத் துப்பியதாகச் சரித்திரம் இல்லை. ஆகவே அறைக்குள் இருந்தவளுக்குக் கேட்டதெல்லாம் மூன்று வயதான ஆட்கள் மாறி மாறித் தொண்டையைக் கொப்பளித்துத் துப்புகிற சத்தம்தான்.

மூன்றாவது போத்தலைத் திறந்துகொண்டிருந்தேன். அப்போது எனக்கு அந்த வாசம் வந்தது. கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் அவிகிற வாசம். தடிமன், காய்ச்சல், தொண்டை நோ எது வந்தாலும் எங்கள் வீடுகளில் முதலில் அடுப்பில் ஏறுவது அதுதான். நான் பின்பக்கமாக நகர்ந்து குசினிக் கதவைக் குதிக்காலால் தள்ளிச் சாத்தினேன். பிரயோசனம் இல்லை.

மொட்டைத் தலையர் நிமிர்ந்தார். “கொத்தமல்லி!” என்றார்.

சால்வைக்காரர் மறுபடி முகர்ந்தார். “ஆமாம். பின்னால் சுக்கு. எவ்வளவு துலக்கம்!”

“இது ஷிராஸின் குணம். கீழைத்தேசத்துச் சந்தையே இந்தக் கிளாஸுக்குள் இருக்கிறது,” என்றார் மொட்டைத் தலையர்.

கீழைத்தேசம் குசினியில் அகப்பையோடு நின்றது. அந்தச் சந்தோஷத்தில் இருவரும் இன்னும் ஊற்றச் சொன்னார்கள். சின்யோரேயின் மூக்கு மட்டும் கிளாஸை விட்டு மெல்லக் கதவுப் பக்கம் திரும்பியது. பிறகு என்னைப் பார்த்தார். முடிந்தது கதை, ஸ்டேஷன் அறைதான் என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. எண்ணெய் வைக்காத தலையோடு என் மனைவி, தட்டில் மூன்று கோப்பைகளோடு நின்றாள். நேராக மேசைக்கு வந்து ஆளுக்கொன்றாக வைத்தாள். தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

“சூட்டோடை குடியுங்கோ. தொண்டை நோவுக்கு நல்லது.”

“என்ன சொல்கிறாள்?” என்று சின்யோரே என்னிடம் கேட்டார்.

பொய் சொல்ல நினைத்தேன். ஒரு பொய்யும் அகப்படவில்லை. “உங்கள் எல்லோருக்கும் சுகமில்லை என்று நினைத்துவிட்டாள்,” என்றேன்.

சால்வைக்காரர் பழக்கதோஷத்தில் கோப்பையைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, அப்படியே அசடு வழிந்தார். மொட்டைத் தலையர் அசையவில்லை. “வைனிலும் இருக்கிறது,” என்றார். “நான் முதலிலேயே கவனித்தேன்.”

சின்யோரே தன் கோப்பையை எடுத்தார். முகர்ந்தார். ஒரு மிடறு வாயில் எடுத்தார். என் கண் வாளிக்குப் போனது. அவர் அன்று மதியம் முழுக்க வாயில் எடுத்த எதையும் விழுங்கவில்லை. என் மனைவியும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது அவருடைய தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. பிறகு இன்னொரு மிடறு. கோப்பை முடிந்தது.

“அவளிடம் சொல்லு,” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். “இனிமேல் வைன் பார்க்கிற நாட்களில், நாங்கள் முடித்த பிறகு இதைக் கொண்டுவரட்டும்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கப் போத்தலைத் துடைத்தேன்.

“என்னவாம்?” என்றாள் மனைவி.

“இனிமேல் எண்டு சொல்லுறார்.”

“இனிமேல் என்னவாம்?”

“மிச்சத்தைப் பிறகு சொல்லுறன். நீர் இஞ்சைதான் இருக்கப் போறீர்.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போனவள் செய்த முதல் காரியம் தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் திறந்ததுதான். கதவைச் சாத்த வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

சற்று நேரம் சென்றது. மொட்டைத் தலையர் கடைசிக் கிளாஸுக்குள் மூக்கை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, “தேங்காய்,” என்றார்.

சின்யோரே என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். “ஆமாம், தேங்காய்தான்,” என்று சொல்லி, சின்யோரே பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.