ஹபீபுல்லாவின் கோரைக்குழி

ஒரு பசு செத்ததற்கு உறையூரில் எங்கள் தெருவே திரண்டு வந்தது. வாய்க்கால் சாயத்தில் சிவந்து நாறியபோது ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஹபீபுல்லா எங்கள் பட்டறையில் நூலைச் சாயத்தில் முக்கி எடுப்பவர். கழிவு நேரே வாய்க்காலில் விழும். அதில்தான் அவர் சம்சாரம் வஹீதா துணி துவைக்கும், கையெல்லாம் புண். மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் நெல் ஊறவைத்த கழிவுத் தண்ணீர் கோரைப் பள்ளத்தில் ஓடி நாற்றம் குறைந்து வருவதை அவர் எப்போதோ பார்த்திருக்கிறார். ஐம்பத்தெட்டாம் வருஷம் முதலாளியிடம் கெஞ்சி, பட்டறைக்குப் பின்னால் நீளமாகக் குழி வெட்டி, ஜல்லியும் மணலும் கொட்டி, சம்பங்கோரை நட்டு, சாயக் கழிவை அதற்குள் திருப்பிவிட்டார்.

"என்ன பாய், கோரை வளர்த்துப் பாய் முடையப் போறீங்களா?" என்றேன்.

"முடைஞ்சா முதல்ல உனக்குத்தான் அழகிரி. நீதான் நின்னுக்கிட்டே தூங்குற ஆளாச்சே!"

மறு வருஷம், ரத்தம் மாதிரி குழிக்குள் போன தண்ணீர் மறுமுனையில் வெளிறி வந்தது. வஹீதாவின் கை ஆறியது.

வேலி மட்டும் அவர் போடவில்லை. மாடு ஓட்டிப் போகிற தடம் அது. "வழியை அடைச்சவன்னு பேரு வேணாம்பா. தொடாதீங்கன்னு சொன்னா கேட்டுக்குவாங்க" என்றார். மனுஷர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

அறுபத்தொன்று கோடையில் எங்கும் புல் கருகிவிட்டது. அங்கே மட்டும் பச்சை. எங்கள் தெருவில் பால் விற்றுப் பிழைத்த வியாகுலம்மாளின் செவலைப் பசு இறங்கி மேய்ந்து, சாயத் தண்ணீரையும் குடித்து, நுரை தள்ளி அங்கேயே விழுந்தது.

"எம்புள்ளைங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டீங்களே பாய்!" என்று அவள் மாரில் அடித்துக்கொண்டாள். தெருவே திரண்டு பட்டறை வாசலில் நின்றது. பயந்துபோன முதலாளி பசுவைக் கழுத்து மணியோடு அந்தக் குழியிலேயே தள்ளி மூடச் சொன்னார். சாயம் பழையபடி வாய்க்காலுக்குப் போனது. வஹீதாவின் கை மறுபடி வெடித்தது.

ஒவ்வொரு மழைக்கும் மூடின மண்ணைப் பிளந்துகொண்டு கோரை முளைக்கும். முதலாளி ஹபீபுல்லாவையே பிடுங்கச் சொல்வார்.

"மணி கேக்குதா?" என்பார்.

"காத்து பாய்" என்பேன். காற்றே இருக்காது. ஒருநாள் உச்சிவெயிலில் எனக்கும் கேட்டது. அவரிடம் நான் சொல்லவில்லை.

அறுபத்தாறு ஐப்பசியில் இழுப்பு வந்து படுத்தார். வெளியே விடாத மழை. என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"அழகிரி, இந்நேரம் கோரை முளைச்சிருக்கும். இந்தத் தடவை பிடுங்க விடாத. முள்ளு வெட்டியாந்து சுத்தி வேலி போடு. உள்ள ஒண்ணு கெடக்கு. இன்னொண்ணு போயிடக் கூடாது."