மாமா உடுத்த சடங்கு வேட்டி

மஞ்சள் கறை போகாத வெள்ளை வேட்டி ஒன்று என் அலுமாரியில் இருக்கிறது. என் தாய்மாமா வைகாசிச் சடங்கில் கல்யாணக்கால் தூக்கும்போது உடுத்தது. எங்கள் கோவில் அம்மாளின் கலியாணத்துக்கென்று மரம் வெட்டி, பட்டுச் சுற்றி, தோளில் சுமந்துவந்து கோவிலில் நடுவோமே, அந்தக் கால். அதன் முன்பக்கத்தைச் சுமப்பது எங்கள் குடியின் உரிமை. குடி எங்களுக்குத் தாய்வழியில் வருவதால், மாமாவுக்குப் பிறகு அது அவர் பிள்ளைகளுக்கில்லை, எனக்குத்தான். மாமா லேசில் விடுகிற ஆளில்லை. தான் கண்ணை மூடினால்தான் எனக்குத் தோள்கொடுக்க வரும் என்று சிரிப்பார்.

சலம், அதுதான் மூத்திரம், சொட்டுச்சொட்டாகப் போவதை வயதுக்கோளாறு என்று நெடுநாள் மறைத்தார். கடைசியில் என் ஓட்டோவில்தான் மட்டக்களப்புக்குக் கொண்டுபோனேன். புரொஸ்டேட்டில் புற்றுநோய், பரவவில்லை, சுரப்பியை எடுத்துவிடலாம் என்றார்கள். திரும்பி வரும்போது கல்லடிப் பாலத்தில் வாவியையே பார்த்துக்கொண்டு வந்தார். வெட்டி எடுத்தபின் குழாயும் பையுமாகக் கிடந்த நாட்களில், பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாமல் பையைத் துவாயால் மூடிவைப்பார். குழாயைக் கழற்றியதும் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் இருமினாலும் எழும்பினாலும் சலம் ஒழுகியது. மாதக்கணக்கில் ஆகும், அப்பியாசம் செய்யுங்கள் என்றார் டொக்டர். பள்ளிக்கூடத்திலேயே ட்ரில்லுக்கு ஒளித்தவன் நான் என்று முணுமுணுத்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு செய்தார். பெரியவர்கள் கட்டுகிற பம்பஸ் வாங்க என்னைக் காத்தான்குடிக்கு அனுப்புவார். களுவாஞ்சிக்குடிக் கடைக்காரனுக்கு அவரைத் தெரியுமாம்.

சடங்கு வந்தது. இரத்தப் பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்திருந்தது. ஊருக்கு முழங்கால் நோவு என்று சொன்னவர், என்னிடம் மட்டும் சொன்னார்:

"ஒழுகிற உடம்போட அம்மாள்ர கால நான் தொடுறல்ல. நீ தூக்கு."

பூசை செய்யும் கப்புகனாரிடம் கேட்போம் என்றேன். ஒருவரிடமும் மூச்சுவிடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நான் காலைச் சுமந்துவந்தபோது மாமா வீதியோரம், சனத்துக்குப் பின்னால் கும்பிட்டபடி நின்றார். மறுவருசமும் அப்படித்தான். அதற்குள் ஒழுகுவது நன்றாகக் குறைந்திருந்தது, ஆனாலும் ஒரு சொட்டென்றாலும் துடக்குத்தான், தீட்டுத்தான் என்றுவிட்டார். அடுத்த சடங்குக்கு முன்னே மாரடைப்பில் போய்விட்டார். புற்றுநோய் திரும்பி வரவேயில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியைக்குக் கப்புகனார் வந்திருந்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, மாமா கால் தூக்காமல் விட்டது உண்மையில் முழங்கால் நோவாலா என்று கேட்டார். இனி யாருக்காகச் சத்தியத்தைக் காப்பது? சொல்லிவிட்டேன். கிழவர் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் அதத்தான் வெட்டி எடுத்தவங்க, மனே. உங்கட மாமாக்கு முந்தியே. துணி வெச்சுக் கட்டிக்கொண்டுதான் இவ்வளவு காலமும் பூசை வெக்கிறன். அம்மாளிட்டச் சொல்லிப்போட்டன். மனிசரிட்டத்தான் சொல்லல்ல."

ஒரே கோவிலில், ஒரே வருத்தத்தை ஆளுக்கொரு பக்கம் ஒளித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் மாமா வீதியில் நின்றிருக்கமாட்டார்.

இந்த வைகாசியில் அவருடைய வேட்டியைத்தான் உடுத்தினேன். காலை நட்டதும் கப்புகனார் மஞ்சள்நீரைக் குடத்தோடு எங்கள்மேல் ஊற்றினார். தூக்கியவர்கள் எல்லோருடைய வேட்டியும் தொப்பலாக நனைந்து, காலடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த ஈரத்தோடு ஈரமாக மாமாவும் நின்றிருக்கலாம்.