முட்டிக்குக் கேட்ட கிட்டார்

கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவளுடைய வேலை. சனிக்கிழமை சாயங்காலமானால் அதே தொண்டை பாட்டுக்குப் போய்விடும். கடைத்தெரு முனையில், மாடியில் இருக்கும் ஒரு சின்ன உணவகத்தின் ஜன்னலோரத்தில் நாலு பேர் நெருக்கியடித்து நின்று கச்சேரி செய்வார்கள். டிரம்ஸ் அவளுடைய அண்ணன். லிஃப்ட் பழுது பார்ப்பவர். கிட்டார் அவள் கணவர். பேஸ் கிட்டார் வாசிப்பவர் எதிர்வீட்டு டெய்லர்.

கணவர் வீட்டில் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே காதில் விழாது. "என்னங்க, வாயைத் திறந்து சொல்லுங்க" என்று அவள் தினமும் சொல்வாள். அப்படிப்பட்ட மனிதர் கிட்டாரை மாட்டிக்கொண்டால் ஆளே வேறு. முதல் பாட்டிலேயே அண்ணன் ஓங்கி அடிப்பார். கணவர் உடனே பின்னால் குனிந்து, தரையில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியின் திருகைக் கொஞ்சம் ஏற்றுவார். டெய்லர் மட்டும் சும்மா இருப்பாரா? அவரும் ஏற்றுவார். அதைக் கேட்டு அண்ணனுக்கு ரோஷம் வரும். கடைசியில் மூன்று பேரையும் தாண்டி அவள் கத்தவேண்டியதாகும். முன்னால் இருக்கும் மேசைகளில் யாரும் உட்காருவதில்லை.

"நல்லாத்தான் வாசிக்கிறீங்க. ஆனா சாப்பிட வர்றவங்க ஜூஸ் கேட்டா எங்க பசங்க சூப்பைக் கொண்டுபோய் வைக்கிறாங்க" என்று உணவகத்துக்காரம்மா ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்புக்குள் எச்சரிக்கை இருந்தது.

வீட்டுக்கு வந்து அவள் பேச்செடுத்தால் பந்து அங்கும் இங்குமாகப் போகும்.

"மாப்ள குறைச்சா நானும் குறைக்கிறேன்."

"மச்சான் மெதுவா அடிச்சா நான் ஏன் ஏத்தப் போறேன்?"

டெய்லர் யார் பக்கமும் சாயாமல் காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

ஒரு திங்கட்கிழமை காலை, கண்ணில் கட்டுப் போட்ட பெரியவர் ஒருவரைக் கூப்பிட அவள் வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். கதவு கிறீச்சிடுவதுபோல ஏதோ வந்தது. அந்தப் பெரியவர் எதுவும் தெரியாமல் தலையைச் சாய்த்து, கூப்பிடும் குரலுக்காகக் காத்துக்கொண்டே இருந்தார். பக்கத்து நாற்காலிக்காரிதான் கூப்பிட்டு அனுப்பினாள். அவள் கழிப்பறைக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று "ஆ" என்று சொல்லிப் பார்த்தாள். பாட்டு போனால்கூடப் போகட்டும், இந்த வேலைக்கும் இந்தக் குரல்தானே மூலதனம்!

தொண்டை டாக்டரிடம் கணவர் கூடவே வந்தார். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, டாக்டர் திரையில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் அவள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"கட்டி கிட்டி எதுவும் இல்லம்மா. பயப்படாதீங்க" என்றார் டாக்டர். "கத்திக் கத்தி வீங்கியிருக்கு, அவ்வளவுதான். கொஞ்ச நாள் வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது. தானா வத்திடும்."

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. சரி என்று தலையாட்டினாள். அப்போதே பத்தியம் தொடங்கிவிட்டது.

பேச முடியாவிட்டாலும் ஒத்திகைக்குப் போனாள். மதியம், உணவகத்தில் ஆள் இல்லாத நேரம். வேறு வேலை இல்லாததால் முன்மேசை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வாசிக்க ஆரம்பித்ததும் கிட்டார் சத்தம் காதைக் கிழித்தது. டிரம்ஸ்கூட அதற்குப் பின்னால்தான் கேட்டது. ஆனால் கணவரோ முகத்தைச் சுளித்து, தன் கிட்டார் காதில் விழாதவர்போலத் திருகைத் தேடிக் குனிகிறார்!

அவள் எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்றாள். அங்கே கிட்டார் உண்மையிலேயே கேட்கவில்லை. பெட்டி தரையில் இருந்தது. சத்தமெல்லாம் அவர் முட்டிக்குப் பக்கத்தில் புகுந்து நேராக மேசைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

சொல்ல வாய் இல்லை. கணவரின் சட்டைக் காலரைப் பிடித்து, தலையைப் பெட்டி உயரத்துக்கு அழுத்தினாள். அவர் அந்த நிலையிலேயே கம்பியை ஒருமுறை மீட்டினார்.

"அய்யய்யோ!" என்று துள்ளி எழுந்தார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. "இதையா நீங்க எல்லாரும் கேட்டுக்கிட்டிருந்தீங்க?"

"நான் என்ன, சும்மாவா ஓங்கி அடிச்சுக்கிட்டிருந்தேன்?" என்றார் அண்ணன்.

அவள் ஒரு நாற்காலியை இழுத்துவந்து, பெட்டியை அதன்மேல் தூக்கி வைத்து, அதன் முகப்பு கணவரின் காதைப் பார்க்கும்படி சாய்த்தாள். அடுத்த பாட்டில் கணவர் தானாகவே திருகைப் பாதிக்குமேல் இறக்கினார். டெய்லரும் இறக்கினார்.

அண்ணன் மட்டும் அசையவில்லை. "மெதுவா தட்டுறதுக்கு நான் எதுக்கு? ஒரு டப்பா போதுமே" என்றார். அவள் அவர் முன்னால் போய் நின்று தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். வேறு எதுவும் செய்யவில்லை. அவர் குச்சிகளை மடியில் வைத்தார்.

"சரி பாப்பா. அழாத. குறைக்கிறேன்."

அவள் அழவேயில்லை. அழுதது அவர்தான். மறுநாள் டெய்லர் கடையிலிருந்து தடித்த கம்பளித் துண்டு ஒன்று வந்து டிரம்மின்மேல் படுத்துக்கொண்டது. கனமான குச்சிகள் பைக்குள் போயின, மெல்லிய குச்சிகள் வெளியே வந்தன.

டாக்டர் பாடலாம் என்று சொன்ன வாரம் அவள் மைக் முன்னால் நின்றாள். முதல் வரியைப் பாதிக் குரலில்தான் எடுத்தாள். அது அவளுக்கே திரும்பிவந்து கேட்டது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. கழுத்து நரம்பு புடைக்கவில்லை. பின்னால் மூன்று பேரும் அவள் குரலுக்கு வழிவிட்டு நடந்துவருவதுபோல இருந்தது. கல் ஒன்றை இறக்கிவைத்த மாதிரி தோள் இரண்டும் தளர்ந்தன. முன்மேசையில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்து, சாதாரணமாகப் பேசிக்கொண்டே சாப்பிட்டது.

மூன்றாவது பாட்டின் நடுவில் ஏதோ இடறியது. அவள் திரும்பினாள், கணவர் திரும்பினார், அண்ணன் குச்சியைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். மூவரும் டெய்லரைப் பார்த்தார்கள்.

"அந்த இடத்துல எப்பவும் இதைத்தான் வாசிக்கிறீங்களா?" என்று கணவர் கேட்டார்.

"ஆமா, ஆரம்பத்துலேருந்தே."

"தப்பு சார் அது."

"அப்படியா?" டெய்லர் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இவ்வளவு நாள் உங்க சத்தம்தான் என் மானத்தைக் காப்பாத்தியிருக்கு."

மேசைகளில் இருந்தவர்களுக்கும் அது கேட்டுவிட்டது. சிரிப்பு அடங்கச் சற்று நேரம் பிடித்தது. பிறகு அவள் பாட்டை முதலிலிருந்து எடுத்தாள்.