பாடம் நடத்தப் பழவேற்காட்டில் பிடித்த தண்ணீர்

எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம் பழவேற்காட்டுக்குப் போனேன். ஊர் சுற்ற அல்ல, பாட்டிலில் தண்ணீர் பிடிக்க. சென்னையில் தடய அறிவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் வெறும் புத்தகப் படிப்பு. பொன்னேரிக் கல்லூரியில் தாவரவியல் எடுத்த ரஸியா ஒரு கருத்தரங்கில் என்னைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குப் பொணம் தெரியும், எனக்குப் பாசி தெரியும். சேர்ந்து ஒரு பாடம் நடத்தலாமே மேடம்" என்றாள்.

மூழ்கிச் சாகிறவர் மூச்சில் இழுக்கும் தண்ணீரோடு நுண்பாசியும் எலும்பு மஜ்ஜை வரை போகும். செத்தபின் வீசப்பட்ட உடலில் பெரும்பாலும் அப்படிப் போகாது. மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க, ஏரியின் பல இடத்துத் தண்ணீர் வேண்டும்.

காலை ஆறரை மணி ரயிலில் பொன்னேரி. அங்கே ரஸியா சேர்ந்துகொண்டாள். பிறகு முக்கால் மணி நேர பஸ், மீன்கூடைகளுக்கு நடுவில் நின்றபடி.

படகில் ஏறினோம். "இன்னாத்துக்கு மேடம் இந்தத் தண்ணி?" என்றார் படகுக்காரர் எத்திராஜ். சும்மா இருக்காமல், மூழ்கிச் செத்தவர்களைப் பற்றி நான் பாடமே எடுத்துவிட்டேன். அவர் கோலைக் கீழே போட்டு இறங்கிவிட்டார்.

"படவுல கால வச்சிட்டு அந்தப் பேச்சு பேசக்கூடாதும்மா. இன்னிக்குப் போவ முடியாது."

ரஸியா கரையில் இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணா, நானும் இந்த ஊருதான். என் தம்பி முகத்துவாரத்துலதான் கெடைச்சான். தானா வுழுந்தானா, யாராவது அடிச்சுப் போட்டாங்களானு யாராலயும் சொல்ல முடியல. அம்மா இன்னும் கேட்டுனே இருக்காங்க. இன்னொரு அம்மாவுக்காவது பதில் சொல்ல ஆளு வேணாமா?"

அதுவரை என்னிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை.

எத்திராஜ் கோலை எடுத்துக்கொண்டார். பிறகு, "ரெண்டு பேரும் காலக் கழுவினு புதுசா ஏறுங்க" என்றார்.

முகத்துவாரத்தில் யாரும் சொல்லாமலே அவர் படகை நிறுத்தினார். ரஸியா குனிந்து பாட்டிலை நிரப்பி, முந்தானையால் துடைத்து, பொன்னேரி வரும்வரை மடியிலேயே வைத்திருந்தாள். மற்றவை பையில் கிடந்தன.

போகிறவர்கள் காற்று கிளம்புமுன் காலையிலேயே போய்விடுங்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள். படகில் ஏறியபின் சாவுப் பேச்சு வேண்டாம்.

அந்தப் பாடத்தைப் பல வருடம் சேர்ந்தே நடத்தினோம். எங்களிடம் படித்த பெண் ஒருத்தி, பின்னாளில் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது, ஏரியில் கிடைத்த ஒரு பையனின் தாய்க்கு, அவன் எப்படிச் செத்தான் என்று தெளிவாகப் பதில் சொன்னாள். அந்தச் சேதியை ரஸியா தன் அம்மாவிடம் போய்ச் சொன்னபோது நானும் கூட இருந்தேன். தம்பியைப் பற்றிக் கேட்பார் என்றுதான் இருவரும் பயந்தோம்.

அம்மா ரஸியாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அந்தப் பையன் பேரு இன்னா?"