பெருக்கினால் பெருக வேண்டாமா

எங்கள் பள்ளியில் ஆசிரியரின் பிள்ளையை அவருடைய வகுப்பில் போட மாட்டார்கள். ஏழாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு நான் கணக்கு எடுக்கிறேன். அதனால் என் மகள் 'ஏ' பிரிவு. அவர்களுக்குக் கணக்கு எடுக்க, நஞ்சன்கூட்டிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகும் ஒரு டீச்சர் புதிதாகச் சேர்ந்தாள். கன்னடக்காரி, என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். ஒரே மாதத்தில் அவளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் டிபனுக்கு உட்கார்ந்தால், ஒரு வாய்க்கு மூன்று 'எங்க மிஸ்' என்ற விகிதத்தில் என் மகள் பேசுவாள். பக்கத்து வகுப்பிலிருந்து சிரிப்புச் சத்தம் வேறு கேட்கும். பின்னத்தில் சிரிக்க என்ன இருக்கிறது? என் வகுப்பில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்காது. அதுவரை அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்கு முந்தைய கோடை விடுமுறையில் மகளுக்குப் பின்னம் சொல்லித்தர நானும் உட்கார்ந்தேன். அரையைக் காலால் பெருக்கினால் எட்டில் ஒன்று. அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"பெருக்கினா பெருகணும்தானேம்மா? எதுக்குச் சின்னதாச்சு?"

"மேல இருக்கறத மேல பெருக்கு, கீழ இருக்கறதக் கீழ பெருக்கு. விடை வந்துதா இல்லியா? சும்மா எதிர்க்கேள்வி கேக்காத."

உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். மறுநாள் அதே கணக்கை மறுபடி தப்பாகப் போட்டாள். நானும் மறுபடி கத்தினேன்.

இப்போது ஒருநாள் பள்ளி விட்டு வந்ததும், பையைக்கூட இறக்காமல் ஒரு தாளை மடித்துக் காட்டினாள். நாலாக மடித்து, அதில் ஒரு பங்கை இன்னும் பாதியாக மடித்தாள்.

"அரைக்கால்மா. காலுல அரை. பேருக்குள்ளயே பெருக்கல் இருக்கு பாரு. மிஸ் எஷ்டு சென்னாகி, எவ்வளவு அழகா சொன்னாங்க தெரியுமா?"

அரைக்கால் நான் பிறந்ததிலிருந்து பேசும் சொல். கன்னடத்திலும் அதே சொல் இருக்கிறது என்பது தெரிந்தும், என் வீட்டுச் சாமானை அவள் தூக்கிக்கொண்டு போனது போல இருந்தது.

"அது எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரிஞ்சா ஏம்மா சொல்லல?"

மறுநாள் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது, பாடத்திட்டத்தில் அந்த டீச்சர் பின்தங்கியிருப்பதைக் குத்திக்காட்ட வேண்டும் என்றே போனேன். அவள் முந்திக்கொண்டாள். கன்னடத்தில் படபடவென்று சொன்னாள்: பெருக்குவது என்றால் உங்கள் பாஷையில் அதிகமாக்குவதாமே, மேடம்? நாங்கள் குணிசு என்போம், அந்தச் சொல்லில் பெருகுவது என்ற அர்த்தம் இல்லை, எனக்கு இந்தச் சந்தேகம் வந்ததே இல்லை. உங்கள் மகள்தான் எழுந்து நின்று கேட்டாள், பெருக்கினால் பெருக வேண்டாமா என்று. எடுக்க வேண்டிய பாடத்தை விட்டுவிட்டு அந்தப் பீரியட் முழுக்க அதைத்தான் பேசினோம். அப்படித்தான் அரைக்காலுக்கு வந்து சேர்ந்தோம்.

"இப்படிக் கேள்வி கேட்க வீட்டில் நீங்கள்தானே பழக்கியிருக்கிறீர்கள்?" என்றாள். அவள் குரலில் கேலியே இல்லை.

அந்தக் கேள்வி முதலில் என்னிடம்தான் வந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.